குரோன் கோபுரமும் நான் எழுதிய ஒரு வரியும்

பத்திரிகைத் தொழிலில் பிழை விடாதவர் எவருமில்லை. பெயரை மாற்றி எழுதிய பிழை, திகதியைத் தவறவிட்ட பிழை என்று என் கணக்கிலும் பல உண்டு. அவற்றுக்கெல்லாம் மறுநாளே 'திருத்தம்' என்று ஒரு மூலையில் நான்கு வரி போட்டு மன்னிப்புப் பெற்றுக்கொண்டோம். ஆனால் எவரும் சுட்டிக்காட்டாத, திருத்தமும் வெளிவராத ஒரு பிழை என் மனதில் நெடுங்காலம் தங்கிவிட்டது. இந்தக் கட்டுரை அதற்கான திருத்தம் என்று வாசகர்கள் கொள்ளலாம்.

ஞாயிறு வாரவெளியீட்டுக்குப் பொறுப்பாக இருந்த காலம். பக்கங்கள் முடிவாகும் சனிக்கிழமை அந்தி. 'நான்காம் பக்கத்தில் நான்கு அங்குலம் வெறுமையாக இருக்கிறது' என்று அச்சுக்கோப்புப் பகுதியிலிருந்து ஆள் வந்துவிட்டார். மேசை இலாச்சியில் இருந்த வெளிநாட்டுப் படங்களைக் கிளறினேன். ஒரு படம் கண்ணில் பட்டது. பனி மூடிய மலைகள், நடுவே பரந்த ஏரி, அந்த ஏரியின் நீருக்குள்ளிருந்து தனியே எழுந்து நிற்கும் ஒரு தேவாலயக் கோபுரம். இத்தாலியின் வடக்கே உள்ளது என்ற குறிப்பைத் தவிர வேறு விபரம் எதுவும் என்னிடம் இருக்கவில்லை. 'நீரின் நடுவே ஓர் அதிசயக் கோபுரம்! உல்லாசப் பயணிகளைக் கவரும் இயற்கை எழில்' என்று எழுதிக் கொடுத்தேன். பக்கம் நிறைந்தது. நான் வீடு போய்ச் சேர்ந்தேன்.

அதில் அதிசயம் ஏதுமில்லை, இயற்கையும் இல்லை என்பதை அறிய எனக்குப் பல ஆண்டுகள் ஆயின. அதை எனக்கு அறிவித்தது எந்தச் செய்தி நிறுவனமும் அன்று. ஒரு நாவல்.

அந்தக் கோபுரம் நிற்கும் இடத்திற்கு இரண்டு பெயர்கள். இத்தாலியர் 'குரோன்' என்பர். அங்கே பிறந்து வளர்ந்தவர்கள் பேசும் ஜேர்மன் மொழியில் அது 'கிரவுன்'. இத்தாலி, ஒஸ்திரியா, சுவிற்சர்லாந்து ஆகிய மூன்று நாடுகளின் எல்லைகள் நெருங்கும் ரேஷென் கணவாய்க்கு அருகே, கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,500 மீற்றர் உயரத்தில் உள்ள மலைக்கிராமம் அது. இத்தாலியின் இரண்டாவது நீளமான ஆறாகிய அடிஜே இந்தப் பகுதியில்தான் ஊற்றெடுக்கிறது. கிராமம் அமைந்திருக்கும் மாகாணத்தின் பெயர் தென் திரோல்.

தென் திரோல் என்ற பெயர் தமிழ் வாசகர்களில் பலருக்குப் புதிதாக இராது. இலங்கை இனப் பிரச்சினைக்கு அதிகாரப் பகிர்வே தீர்வு என்று பேசப்பட்ட காலங்களில், சுயாட்சிக்கு எடுத்துக்காட்டாகப் பலராலும் சொல்லப்பட்ட மாகாணம் அது. சட்ட நிபுணர்கள் அதன் அதிகாரப் பட்டியல்களை நமக்கு விளக்கினார்கள். அந்தப் பட்டியல்களுக்குப் பின்னால் என்ன நடந்திருந்தது என்பதை நாம் அதிகம் கேட்கவில்லை. அதன் ஒரு பகுதி அந்த ஏரியின் அடியில் கிடக்கிறது.

முதலாம் உலகப் போர் முடியும் வரை தென் திரோல் ஒஸ்திரியப் பேரரசின் பகுதியாக இருந்தது. 1919ஆம் ஆண்டின் சென் ஜேர்மேன் உடன்படிக்கை அதை இத்தாலிக்குக் கொடுத்தது. அங்கு வாழ்ந்தவர்களில் மிகப் பெரும்பான்மையினர் ஜேர்மன் மொழி பேசுவோர். 1922இல் முசோலினி ஆட்சிக்கு வந்ததும் அவர்களை இத்தாலியராக்கும் பணி மும்முரமாக நடந்தது. ஊர்ப் பெயர்கள் மாற்றப்பட்டன. ஜேர்மன் மொழிப் பாடசாலைகள் மூடப்பட்டன. ஜேர்மன் ஆசிரியர்கள் வேலை இழந்தனர். பிள்ளைகளுக்குத் தாய்மொழியின் எழுத்தை வீட்டு அறைகளிலும் களஞ்சியங்களிலும் மறைவாகச் சொல்லிக்கொடுத்தனர். ஆதிக் கிறிஸ்தவர் ஒளிந்திருந்த நிலவறைகளின் நினைவாக அவற்றை 'நிலவறைப் பாடசாலைகள்' என்றே அழைத்தனர்.

அடுத்து வந்தது 1939. ஹிட்லரும் முசோலினியும் செய்துகொண்ட உடன்பாட்டின்படி, தென் திரோல் மக்கள் இரண்டில் ஒன்றைத் தெரிவு செய்ய வேண்டும். மொழியைக் காப்பாற்ற வேண்டுமானால் மண்ணை விட்டு ஜேர்மனிக்குப் போகலாம். மண்ணில் இருக்க வேண்டுமானால் மொழியை விட வேண்டும். பெரும்பான்மையினர் போவதென்று எழுதிக் கொடுத்தனர். உண்மையில் புறப்பட்டவர்கள் ஏறத்தாழ 75,000 பேர். இருப்பதென்று முடிவு செய்தவர்களைப் போக விரும்பியவர்கள் துரோகிகள் என்றனர். ஒரே வீட்டுக்குள் அண்ணனும் தம்பியும் பேச்சை நிறுத்திக்கொண்டனர்.

இந்தக் குழப்பத்தின் நடுவேதான் அணைக்கட்டுத் திட்டம் வந்தது. குரோன் அருகே முன்னர் இயற்கையான ஏரிகள் இருந்தன. அவற்றின் நீர்மட்டத்தை ஐந்து மீற்றர் உயர்த்தி மின்சாரம் எடுக்கும் பழைய திட்டம் ஒன்று இருந்தது. அதனால் ஊருக்குப் பெரிய ஆபத்தில்லை. பின்னர் மொன்ரெகாற்றினி என்ற பெரும் தொழில் நிறுவனம் அதை இருபத்திரண்டு மீற்றராக மாற்றியது. அந்த உயரத்தில் ஊர் இருக்க முடியாது. அறிவித்தல் முறைப்படி நகரசபைப் பலகையில் ஒட்டப்பட்டது. அது இத்தாலிய மொழியில் இருந்தது. ஊரவர்களில் அதை வாசிக்கத் தெரிந்தவர் வெகு சிலர். ஆட்சேபிக்கும் கால எல்லை அமைதியாகக் கடந்து சென்றது.

விளங்காத மொழியில் ஒட்டப்படும் அறிவித்தலின் பொருளை இலங்கைத் தமிழருக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

போர் வந்ததால் வேலை மந்தமானது. ஊரவர்கள் ஆறுதலடைந்தனர். முசோலினி வீழ்ந்தார், பாசிச ஆட்சி போயிற்று, அத்தோடு அதன் அணைக்கட்டும் போய்விடும் என்று நம்பினர். அவர்கள் நம்பியதில் தவறில்லை. ஆனால் குடியரசாக மாறிய இத்தாலி அந்தத் திட்டத்தைக் கைவிடவில்லை. குளிர்கால மின்சாரத்திற்குப் பதிலாகச் சுவிற்சர்லாந்திலிருந்து பணம் வந்தது. 1947இல் வேலை மீண்டும் முழு வேகத்தில் தொடங்கியது. பங்குத்தந்தை அல்பிரட் ரீப்பரின் தலைமையில் மக்கள் மனுக்கள் அனுப்பினர், கூடினர், ஊர்வலம் போயினர். தூதுக்குழு ஒன்று உரோமாபுரிக்குச் சென்று பாப்பரசர் பன்னிரண்டாம் பத்திநாதரையும் சந்தித்தது. எதுவும் பலிக்கவில்லை.

1949இல் பரீட்சார்த்தமாக நீரைத் தேக்கினர். வயல்களிலும் வீடுகளின் நிலவறைகளிலும் தண்ணீர் ஏறியது. 1950ஆம் ஆண்டு கோடையில் வீடுகள் ஒவ்வொன்றாக வெடிவைத்துத் தகர்க்கப்பட்டன. 163 வீடுகள், 523 ஹெக்டேயர் விளைநிலமும் மேய்ச்சல் நிலமும் நீருக்குள் போயின. ஜூலை 18ஆம் திகதி கோபுரத்திலிருந்த மணிகள் இறக்கப்பட்டன. சில நாட்களில் தேவாலயமும் தகர்க்கப்பட்டது. மக்கள் மரக் கொட்டகைகளில் தங்க வைக்கப்பட்டனர். கிடைத்த நட்டஈடு சொற்பம். மாடுகளுக்குப் புல் இல்லாத இடத்தில் மலைநாட்டு உழவன் வாழ இயலாது. பலர் ஊரை விட்டே போய்விட்டனர். எஞ்சியவர்களுக்கு மேட்டில் புதிய குரோன் கட்டப்பட்டது.

கோபுரம் ஏன் நிற்கிறது? அதிசயத்தால் அல்ல. பதினான்காம் நூற்றாண்டுக் கோபுரம் என்பதால் தொல்பொருட் பாதுகாப்புச் சட்டம் அதைக் காத்தது. ஆகவே தகர்க்காமல் விட்டனர். அறுநூறு ஆண்டு வயதுள்ள கல்லுக்குச் சட்டம் இருந்தது. அந்தக் கல்லைச் சுற்றி அறுநூறு ஆண்டுகள் பிறந்தும் இறந்தும் வந்த மனிதருக்கு அது இருக்கவில்லை. இந்த ஒரு வாக்கியத்தைத்தான் நான் அன்று அந்தப் படத்தின் கீழ் எழுதியிருக்க வேண்டும்.

தனித்து நின்ற கோபுரம் விரைவிலேயே தபால் அட்டையானது. நாட்காட்டியானது. குளிர்காலத்தில் ஏரி உறைந்துவிடும்போது மக்கள் பனிக்கட்டி மீது நடந்து சென்று அதன் சுவரைத் தொட்டுப் பார்க்கிறார்கள். குளிர்கால இரவுகளில் நீருக்குள்ளிருந்து மணியோசை கேட்கும் என்று ஒரு கதையும் உலவுகிறது. மணிகளோ 1950ஆம் ஆண்டிலேயே இறக்கப்பட்டுவிட்டன. சின்னம் ஒன்றுக்கு நேரக்கூடிய ஆபத்து இதுதான். அது அழகாக இருக்குமானால், எதற்குச் சின்னமோ அதையே மறைத்துவிடும். கோபுரம் இடிந்து போயிருந்தால் குரோனை உலகம் அறிந்திராது. அது நிற்பதால் குரோனை உலகம் வெறும் படமாக மட்டுமே அறிந்தது.

இந்த நிலையில்தான் நம் காலத்துக் கலைஞர்கள் அந்தக் கோபுரத்தை நோக்கித் திரும்பினார்கள். மூன்று படைப்புகளை மட்டும் இங்கே குறிப்பிட விரும்புகிறேன். மூன்றும் 2018க்கும் 2020க்கும் இடையில் வெளிவந்தவை. ஒரே கோபுரம், மூன்று விதமான பார்வைகள்.

பலரும் அறிந்தது 2020 ஜூன் மாதம் நெட்பிளிக்சில் வெளிவந்த 'குரோன்' என்னும் இத்தாலியத் தொடர். ஏழு பகுதிகள் கொண்ட திகில் கதை. தாய் ஒருத்தி தன் இரட்டைப் பிள்ளைகளோடு பிறந்த ஊருக்குத் திரும்புகிறாள். இல்லாத மணி ஒலிக்கிறது. மனிதர்களின் உருவத்தையே கொண்ட இரட்டை உருவங்கள் ஏரியிலிருந்து எழுந்து வந்து, உரியவர்களின் இடத்தைப் பிடிக்க முயல்கின்றன. படப்பிடிப்பு அழகானது. ஏரி மிரட்டுகிறது. ஆனால் பார்த்து முடித்தபோது எனக்கு ஒரு குறை. நீருக்குள் கிடப்பது பேய் அல்ல, வீடுகள். அவற்றை அழித்தது சாபம் அல்ல, ஒரு நிறுவனமும் ஓர் அரசும். திகில் கதை வரலாற்றின் குற்றவாளிகளை விடுதலை செய்துவிடுகிறது. ஆயினும் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். ஒரு மனிதனுக்குள் இருவர் இருந்து ஒருவரை ஒருவர் அழிக்க முற்படுகின்றனர் என்ற கற்பனை, இரண்டு பெயர்களும் இரண்டு மொழிகளும் கொண்ட அந்த ஊருக்கு முற்றிலும் அந்நியமானதன்று. தொடரை உருவாக்கியவர்கள் அதை எண்ணினார்களோ இல்லையோ, எனக்கு அப்படித் தோன்றியது.

இரண்டாவது, மார்க்கோ பல்சானோவின் 'ரெஸ்தோ குயி' என்னும் நாவல். 'நான் இங்கேயே இருக்கிறேன்' என்று பொருள். 2018இல் வெளிவந்து, இத்தாலியின் புகழ்பெற்ற ஸ்திரேகா விருதுப் போட்டியில் இரண்டாம் இடம் பெற்றது. பின்னர் ஆங்கிலம், ஜேர்மன் உட்படப் பல மொழிகளுக்குச் சென்றது. பல்சானோ 1978இல் மிலான் நகரில் பிறந்தவர். குரோனில் அவருக்கு உறவுமில்லை, நிலமுமில்லை. பயணியாக வந்து கோபுரத்தைக் கண்டவர் அவர். கோபுரத்தின் முன்னே நின்று தம்மைத் தாமே படம் பிடித்துக்கொள்ளும் கூட்டத்தைப் பார்த்தபின், கீழே என்ன இருந்தது என்று தேடத் தொடங்கியவர். நான் வரி எழுதிவிட்டு வீடு போன இடத்தில், அவர் கேள்வி கேட்கத் தொடங்கியிருக்கிறார்.

நாவலைச் சொல்பவள் திரினா என்னும் ஆசிரியை. காணாமற்போன தன் மகளுக்கு அவள் எழுதும் நெடுங்கடிதமாக நாவல் அமைந்திருக்கிறது. பாசிச ஆட்சியில் மறைவாகப் பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக் கொடுக்கிறாள். 1939இல் மகளை இழக்கிறாள். மகன் நாசிகளின் பக்கம் போகிறான். கணவன் எரிக் போரிலிருந்து தப்பி மலைகளில் ஒளிகிறான், திரும்பி வந்ததும் அணைக்கட்டை எதிர்க்கிறான். கூட்டத்திற்கு வருமாறு அயலவரை அவன் அழைக்கும்போது, பலரும் தோளைக் குலுக்கிவிட்டுப் போகின்றனர். கடவுள் பார்த்துக்கொள்வார், இவ்வளவு காலம் கட்டாதவர்கள் இனியா கட்டுவார்கள் என்று இருந்துவிடுகின்றனர். நாவலில் எனக்கு மிகவும் வலித்த இடம் அதுவே. அநீதி இழைத்தவர்களைக் குறித்து எழுதுவது எளிது. அநீதி வரும்வரை சும்மா இருந்தவர்களைக் குறித்து, அவர்கள் மீதுள்ள அன்பு குறையாமல் எழுதுவது கடினம்.

தலைப்பிலும் ஒரு நுட்பம் உண்டு. 1939இல் போகாமல் தங்கியவர்களை ஜேர்மன் மொழியில் 'இங்கேயே இருப்போர்' என்று பொருள்படும் சொல்லால்தான் குறித்தனர். மண்ணுக்காக மொழியை இழக்கத் துணிந்து தங்கியவர்களிடமிருந்து பதினோரு ஆண்டுகளில் மண்ணும் பறிக்கப்பட்டது. அந்த இரண்டு இழப்புகளும் அந்தத் தலைப்பில் அடங்கியிருக்கின்றன. இதை எழுதியவர் அந்த மக்களின் மொழியில் எழுதவில்லை, அவர்களது மொழியைத் தடை செய்த அரசின் மொழியில் எழுதினார் என்பதையும் கவனிக்க வேண்டும். முதலில் இது எனக்கு உறுத்தியது. பின்னர் யோசித்தபோது, அந்தக் கதையை முதலில் கேட்க வேண்டியவர்கள் இத்தாலிய வாசகர்கள்தான் என்பது விளங்கிற்று. பாதிக்கப்பட்டவனுக்குத் தன் கதை தெரியும்.

மூன்றாவது, அந்த மாகாணத்தைச் சேர்ந்த கேயோர்க் லெம்பேர்க்கின் 'மூழ்கிய கிராமம்' என்னும் ஆவணப்படம். இதுவும் 2018இல் வந்தது. பேயும் இல்லை, கற்பனைக் கதாபாத்திரமும் இல்லை. அன்று சிறுவர்களாகவும் இளைஞர்களாகவும் இருந்தவர்கள் முதுமையில் தம் நினைவுகளைச் சொல்கிறார்கள். எங்கே வீடு இருந்தது, எங்கே பாதை திரும்பியது, வெடிச்சத்தம் எப்படிக் கேட்டது என்று சொல்கிறார்கள். அவர்களுடைய நினைவில் கோபுரம் தனியே நிற்பதில்லை. ஊரின் நடுவே, வீடுகள் சூழ நிற்கிறது. பயணிகளுக்குத் தெரியாத கோபுரம் அது. அந்தத் தலைமுறை மறைந்து வருகிறது. படம் சில ஆண்டுகள் தாமதித்திருந்தால் பலருடைய சாட்சியம் கிடைத்திராது. என்னைப் போன்ற செய்தியாளர்கள் முன்னரே செய்திருக்க வேண்டிய வேலை இது.

கலை ஊரை மீட்டுத் தராது. ஆனால் கோபுரத்தைப் பார்த்தவனை அதன் அடிவரை பார்க்கச் செய்ய அதனால் முடியும். 2021 வசந்தத்தில் பராமரிப்பு வேலைகளுக்காக ஏரியின் நீர் இறக்கப்பட்டது. சேற்றுக்குள்ளிருந்து சுவர்களும் படிக்கட்டுகளும் நிலவறைகளும் வெளித்தெரிந்தன. உலகச் செய்தி நிறுவனங்கள் அந்தப் படங்களை வெளியிட்டன. அவற்றின் கீழிருந்த விளக்கங்களை நான் ஆர்வத்தோடு வாசித்தேன். பாசிச ஆட்சிக் காலத்துத் திட்டம், 1950, 163 வீடுகள் எல்லாம் இருந்தன. நாவலும் தொடரும்கூடக் குறிப்பிடப்பட்டிருந்தன. நான் எழுதியது போல 'அதிசயக் கோபுரம்' என்று மட்டும் எழுதிவிட்டுப் போகும் காலம் முடிந்துவிட்டது. அதை முடித்து வைத்ததில் கலைஞர்களுக்கும் பங்குண்டு.

நியாயமாகச் சொல்ல வேண்டிய இன்னொன்றும் உண்டு. போரால் சிதைந்த இத்தாலிக்கு மின்சாரம் தேவைப்பட்டது. தேவை பொய்யன்று. அந்தத் தேவைக்கு யார் விலை கொடுப்பது என்று தீர்மானித்தபோது, விலை கொடுப்பவனைக் கேட்கவில்லை என்பதே குற்றம். தென் திரோலின் மனக்குறைகள் பின்னர் வேறு வடிவம் எடுத்தன. 1961 ஜூன் மாதத்து ஓர் இரவில் முப்பதுக்கு மேற்பட்ட மின்கம்பக் கோபுரங்கள் வெடிவைத்துச் சாய்க்கப்பட்டன. தாக்குவோர் தெரிவு செய்த இலக்கு மின்சாரம் என்பது தற்செயலன்று. நீண்ட பேச்சுவார்த்தைகளின் பின் 1972இல் புதிய சுயாட்சிச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. இன்று அந்த மாகாணத்தின் நீர்மின் வளம் பெருமளவு மாகாணத்தின் கையிலேயே இருக்கிறது. அதிகாரப் பட்டியல்களில் 'நீர்' என்ற ஒரு சொல் ஏன் அத்தனை முக்கியமானது என்பதை அந்தக் கோபுரத்தைப் பார்த்த பின்னரே நான் விளங்கிக்கொண்டேன்.

குரோனைப் பற்றி வாசிக்கும்போதெல்லாம் எனக்கு நம் மலையகம் நினைவுக்கு வரும். 1960களின் இறுதியில் மவுசாகலை நீர்த்தேக்கத்துக்காகப் பழைய மஸ்கெலியா நகரம் நீருக்குள் போயிற்று. கடும் வரட்சியில் நீர் வற்றும்போது பழைய கோவிலும் பள்ளிவாசலும் விகாரையும் வெளியே தெரியும். பத்திரிகைகள் படம் போடும். மக்கள் பார்க்கப் போவார்கள். மழை வந்ததும் எல்லாம் மறையும், நாமும் மறந்துவிடுவோம். அந்த நகரத்துத் தெருவில் நடந்தவர்களில் சிலர் இன்றும் நம்மிடையே இருக்கிறார்கள். அடுத்த வரட்சிக்குக் காத்திராமல் அவர்களிடம் போய் உட்கார்ந்து கேட்கக்கூடிய இளைஞர்கள் நம்மிடையே உண்டு. கையில் ஒளிப்படக் கருவி இல்லாதவர் இன்று எவருமில்லை.

இனி அந்தத் திருத்தம். பல ஆண்டுகளுக்கு முன்னர் ஞாயிறு வாரவெளியீடு ஒன்றின் நான்காம் பக்கத்தில் வெளியான படத்தின் விளக்கம் பின்வருமாறு இருந்திருக்க வேண்டும்: 'தென் திரோல் மாகாணத்தின் குரோன் கிராமத் தேவாலயக் கோபுரம். மக்களின் எதிர்ப்பை மீறி 1950இல் கிராமம் நீரில் மூழ்கடிக்கப்பட்டது. கோபுரத்தைத் தவிர வேறெதையும் சட்டம் காக்கவில்லை.' தவறுக்கு வருந்துகிறேன்.